மெஷின் எம்ப்ராய்டரி: முதலில் துணி, அடுத்து பேப்பர், கடைசியில்தான் டிசைன்

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வீட்டுக்கு வந்த மறுநாளே பட்டு பிளவுஸ் பிட்டை எடுத்து மாட்டுகிறவர்கள் அதிகம். ஆரி வேலைக்குக் கொடுத்தால் என்ன கூலி ஆகும் என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருக்கும். டிசைனும் பென் டிரைவில் தயார். முக்கால் மணி நேரத்தில் மயில் வந்துவிடும். ஃபிரேமிலிருந்து துணியைக் கழற்றியதும் பார்த்தால் மயிலைச் சுற்றித் துணி கொசுவம் மாதிரி சுருங்கியிருக்கும். தோகைக் கண்கள் வட்டமாக இல்லாமல் முட்டையாக நீண்டிருக்கும். நிரப்பிய இடத்துக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவே துணி எட்டிப்பார்க்கும். பழி உடனே மெஷின் மேல் விழும், இல்லாவிட்டால் நூல் மேல். துணிக்கு அடியில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டால், "ஏதோ கடையில் கொடுத்த பேப்பர்" என்று பதில் வரும்.

பிளவுஸ் கையில் போடும் சுமாரான பார்டருக்கே 20,000 தையல் வரை போகும். ஒவ்வொரு தையலும் மேல்நூலையும் கீழ்நூலையும் பூட்டும்போது துணியை முடியளவு உள்ளே இழுக்கிறது. கையால் பின்னுகிறவரின் விரல் அந்த இழுப்பை உணர்ந்து தானாகத் தளர்த்திக்கொள்ளும். மெஷின் அப்படி இல்லை, நிமிடத்துக்கு 600, 800 என்று குத்திக்கொண்டே போகும். அந்த இழுப்பைத் துணிக்குப் பதிலாகத் தாங்கிக்கொள்வதற்குத்தான் ஸ்டெபிலைசர் என்கிற பேப்பர். வண்ண நூல் பெட்டிக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறவர்கள்கூட இந்த வெள்ளைச் சுருளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் மாதச் செலவில் பேப்பர், ஊசி, பாபின் நூல் மூன்றுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் நிறங்கள் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

பேப்பர்

அடிப்படையில் மூன்று வகை. கட்-அவே என்பது கிழியாத வகை; வேலை முடிந்ததும் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, தையலுக்கு அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். டேர்-அவே கையாலேயே கிழிந்து வரும். வாஷ்-அவே தண்ணீரில் கரைந்துவிடும். பாலிவினைல் ஆல்கஹாலில் செய்தது, கண்ணாடித்தாள் போல ஒன்றும் மெல்லிய துணி போல ஒன்றுமாக இரண்டு உருவில் கிடைக்கும். அயர்ன் சூட்டில் ஒட்டுவது, ஸ்டிக்கர் போல உரித்து ஒட்டுவது, சூட்டில் உதிர்ந்து போவது என்று மற்றதெல்லாம் இவற்றின் கிளைகள்தான்.

செய்ய வேண்டியவை

• பேப்பர் எடுப்பதற்கு முன் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நீளுகிறதா? கட்-அவே. இதில் பேரம் கிடையாது. டி-ஷர்ட், லெகிங்ஸ், குழந்தைகளின் பனியன் துணி, திருப்பூரிலிருந்து வரும் எந்த நிட் துணியாக இருந்தாலும் இதே விதி. டேர்-அவே வைத்துப் போட்டால் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். கிழித்து எடுத்த பிறகு தையலுக்குப் பிடிமானம் இல்லை. நாலாவது துவையலில் எழுத்தெல்லாம் நெளிந்துவிடும்.

• நீளாத, அழுத்தமான நெசவுத் துணிக்கு டேர்-அவே போதும். காடா துணி, ஜீன்ஸ், கேன்வாஸ் பை, மேசை விரிப்பு எல்லாம் இதில் சேரும். ஆனால் டிசைன் அடர்த்தியாக இருந்தால், காட்டனாக இருந்தாலும் கட்-அவேக்கு மாறுங்கள்.

• கனத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுச் சுருள்களில் அவுன்ஸ் போட்டிருக்கும், உள்ளூர்ச் சுருள்களில் ஜிஎஸ்எம். 1.5 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 50 ஜிஎஸ்எம், 2.5 அவுன்ஸ் என்றால் 85. நடுத்தர வேலைக்கு 50 முதல் 60 வரை உள்ளது ஒரு சுருள், கனத்த வேலைக்கு 80க்கு மேல் ஒரு சுருள் என்று இரண்டு கட்-அவே வைத்திருந்தால் பல மாதம் ஓட்டலாம்.

• வெளிர் நிறத்தில் மெல்லிய துணி என்றால் மெஷ் வகை கட்-அவே கேளுங்கள். மென்மையாக இருக்கும், மேலே நிழல் தெரியாது, உடம்பில் உறுத்தாது. குழந்தை உடுப்புக்கு இதைத் தவிர வேறு போடாதீர்கள்.

• துவாலைக்கும் வெல்வெட்டுக்கும் அடியில் மட்டுமல்ல, மேலேயும் ஒன்று வேண்டும். துவாலை நூல் வளையங்கள் தையலுக்கு இடையில் முளைத்துக்கொண்டு வராமல் இருக்க, மேலே ஒரு அடுக்குக் கரையும் ஃபிலிம் வையுங்கள். வேலை முடிந்ததும் பெரும்பகுதி கையோடு பிய்ந்து வரும், மூலையில் மிச்சமிருப்பது ஈரத்துணி பட்டால் போய்விடும். வெல்வெட்டில் மட்டும் தண்ணீர்க் கறை நிற்கக்கூடும் என்பதால், ஓரத்துண்டில் ஒரு முறை நனைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். போலோ டி-ஷர்ட்டின் சொரசொரப்பான துணிக்கும் இந்த மேல் ஃபிலிம் போட்டுப் பாருங்கள். சின்ன எழுத்துகளின் ஓரம் எவ்வளவு கூர்மையாக நிற்கிறது என்று தெரியும்.

• கரையும் ஃபிலிமை ஜிப் வைத்த கவரில் காற்றுப் போகாமல் மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெளியே கிடந்தால் தொய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஏசி அறையில் கிடந்தால் உலர்ந்து நொறுங்கும். வியர்த்த கையால் தொட்டாலே விரல் பட்ட இடம் மெலிந்துவிடும்.

செய்யக்கூடாதவை

• செய்தித்தாள், காலண்டர் தாள் வைத்துச் சமாளிக்காதீர்கள். மை துணியில் ஏறும். அதைவிட, அடர்த்தியான இடத்தில் ஊசி குத்திக் குத்தித் தாள் பாதியிலேயே துண்டாகிவிடும். டிசைனின் மீதிப் பாதி பிடிப்பே இல்லாமல் ஓடும்.

• காலர் கேன்வாஸையும் பக்ரத்தையும் ஸ்டெபிலைசருக்குப் பதில் வைக்காதீர்கள். தையல் கடையில் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். அதிலுள்ள பசை ஊசியில் ஏறி நூலை அறுக்கும். பிளவுஸ் முதுகு அட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

• கட்-அவே இல்லை என்று டேர்-அவேயை மூன்று நான்கு அடுக்காகப் போடாதீர்கள். எத்தனை அடுக்கானாலும் ஊசி போன வழியெல்லாம் கிழிந்துதான் இருக்கும்.

• பேப்பர் மிச்சம் பிடிக்கிறேன் என்று டிசைன் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி ஃபிரேமுக்குள் சொருகாதீர்கள். நான்கு பக்கமும் ஃபிரேமின் பிடிக்குள் பேப்பர் இருந்தால்தான் இழுப்பைத் தாங்கும். இந்தத் தொழிலில் மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு, இது அந்த இடம் இல்லை.

• பட்டுத் துணியில் தண்ணீரில் கரையும் வகையைப் போடாதீர்கள். கரைக்கத் தண்ணீர் வேண்டும். பல பட்டுகளில் தண்ணீர் பட்ட இடம் கறையாக நிற்கும். மென்பட்டுக்கு, பின்புறம் முழுக்க மெல்லிய ஒட்டு ஃபியூசிங்கை மிதமான சூட்டில் ஒட்டி, அதற்கும் கீழே மெஷ் கட்-அவே வைத்து ஃபிரேம் போடுங்கள். துணிக்கு ஒரு உடம்பு வரும், சுருக்கம் பெருமளவு குறையும். ஃபியூசிங்கையும் முதலில் ஓரத்துண்டில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள். சில டிஷ்யூ துணிகள் சூட்டைத் தாங்காது.

• கட்-அவேயைத் தையலை ஒட்டி வெட்டாதீர்கள். கால் அங்குலமாவது விடுங்கள், மூலைகளை வளைவாக வெட்டுங்கள். டேர்-அவேயைக் கிழிக்கும்போது தையலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கிழிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஓரத் தையல் பிசகிவிடும்.

நூல்

எம்ப்ராய்டரி நூலில் பெரும்பான்மை ரேயான், இல்லாவிட்டால் பாலியஸ்டர். நம் கடைகளில் "சில்க் த்ரெட்" என்று கொடுப்பது பெரும்பாலும் ரேயான்தான். அதன் பளபளப்பில் ஒரு குளிர்ச்சி உண்டு, பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டிப்போகும். ஆனால் நனைந்தால் பலம் குறையும், பிளீச்சிங்குக்கும் தாங்காது. பாலியஸ்டர் அதற்கு நேர் எதிர். முக்கோணக் குறுக்குவெட்டுள்ள இழைகளால் செய்வதால் அதற்கும் நல்ல மினுமினுப்பு வருகிறது. வெயிலில் காயப்போட்டாலும், வாஷிங் மெஷினில் போட்டுப் புரட்டினாலும் சாயம் நிற்கும். பெரிய நிறுவனங்கள் இரண்டையும் தயாரிக்கின்றன. ஜெர்மனியின் மதெய்ராவை எடுத்துக்கொண்டால் கிளாசிக் என்பது ரேயான், பாலிநியான் என்பது பாலியஸ்டர்.

செய்ய வேண்டியவை

• துணி எப்படித் துவைக்கப்படும் என்பதை வைத்து நூலை முடிவு செய்யுங்கள். பள்ளிச் சீருடை, துவாலை, தலையணை உறை, தினசரி சுடிதார் எல்லாவற்றுக்கும் பாலியஸ்டர். டிரை கிளீனிங்குக்கு மட்டுமே போகும் பட்டு பிளவுஸுக்கு ரேயான் தாராளமாகப் போடலாம். தொடங்குகிறவர் ஒரே வகைதான் வாங்க முடியும் என்றால் பாலியஸ்டர் வாங்குவது புத்திசாலித்தனம். அதிக வேகத்திலும் அறுந்து தொல்லை தராது.

• லேபிளில் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். எம்ப்ராய்டரியில் வழக்கமான கனம் 40. ஒரு கிலோ நூல் சுமார் எத்தனை கிலோமீட்டர் நீளம் வரும் என்பதுதான் இந்த எண். அதனால் எண் கூடக் கூட நூல் மெலியும். பல கோன்களில் 120டி/2 என்று போட்டிருக்கும். 120 டெனியர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று அர்த்தம், அதுவும் 40தான். 75டி/2 என்றால் 60, சின்ன எழுத்துக்கான மெல்லிய நூல். நீங்கள் வாங்கும் டிசைன்களில் பெரும்பாலானவை 40ஐ மனதில் வைத்து உருவானவை. அதில் 30 போட்டால் நூல் நூலின் மேல் ஏறிக் கட்டி கட்டும். 60 போட்டால் இடையில் துணி தெரியும்.

• முதலில் பத்துப் பன்னிரண்டு நிறம் போதும். கறுப்பு, வெள்ளை, தங்கம், பழுத்த இலையின் மஞ்சள், அரக்கு, மயில்நீலம், இலைப்பச்சையில் இரண்டு சாயல், ரோஸில் இரண்டு, சாம்பல், காப்பி. 1,000 தையலுக்குச் சுமார் 5 முதல் 6 மீட்டர் மேல்நூல் செலவாகும். 1,000 மீட்டர் கண்டு ஒன்றில் ஒன்றரை லட்சம் தையலுக்கு மேல் போடலாம். எனவே அதிகம் ஓடும் தங்கத்தையும் வெள்ளையையும் மட்டும் 5,000 மீட்டர் கோனாக வாங்கிக்கொண்டு, மற்றவற்றைச் சின்னக் கண்டாக வாங்குங்கள். நூறு நிறப் பெட்டியில் எழுபது நிறம் தொடாமலே பழசாகும்.

• நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் துணி மேல் ஓரிழை விரித்துப் பாருங்கள். கோனாகப் பார்க்கும்போது அடர்த்தியாகத் தெரியும் நிறம், தையலாக விழும்போது ஒரு சாயல் வெளிறும்.

• பாபினுக்கென்று உள்ள நூலைப் போடுங்கள். 60 அல்லது 90 எண்ணில் மெல்லிய பாலியஸ்டர், பெரும்பாலும் வெள்ளை, கறுப்புத் துணிக்குக் கறுப்பு. சுற்றியே விற்கும் பாபின் வாங்கினால் உங்கள் மெஷினுக்கு எந்த அளவு என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். வீட்டு மெஷின் பலவற்றுக்கு 15 என்ற அளவு, தொழில் மெஷின்களுக்கு எல் என்ற அளவு. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும்.

செய்யக்கூடாதவை

• சாதாரணத் தையல் நூலை மேலே போட்டு டிசைன் போடாதீர்கள். மினுமினுப்பு இருக்காது, பஞ்சு உதிர்ந்து பாபின் கேஸில் அடையும். கையால் பின்னுகிற ஆறு இழை நூல்கண்டைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். அது ஊசிக் கண்ணில் ஓடுவதற்கான முறுக்கில் வருவதில்லை.

• தள்ளுவண்டியில் கிடைக்கும் பெயரில்லாத பழைய கோன்களை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். ஒரு முழம் இழுத்து இரு கையாலும் வெடுக்கென்று சுண்டிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் அறுந்தால், வெயிலில் கிடந்து செத்த நூல் அது. சாயம் பிடிக்கிறதா என்று பார்க்க, வெள்ளைத் துணியில் கொஞ்சம் தைத்து வெந்நீரில் ஊறவைத்தாலே போதும்.

• ஜரி நூலை முதல் வாரத்தில் தொடாதீர்கள். மெஷினுக்கு வரும் ஜரி என்பது ஒரு மைய இழையின் மேல் உலோகப் பூச்சுள்ள மெல்லிய பட்டையைச் சுற்றியது. முறுக்கிக்கொள்ளும், பட்டை உரியும், ஊசிக் கண்ணில் தேய்ந்து அறும். தொடும் நாள் வரும்போது மூன்று காரியம் செய்யுங்கள்: 90/14 அளவில் பெரிய கண்ணுள்ள ஊசி, நிமிடத்துக்கு 400 தையலுக்கு மிகாத வேகம், தளர்ந்த மேல் டென்ஷன். கோனை மெஷினை விட்டுச் சற்றுத் தள்ளி நூல் ஸ்டாண்டில் வைத்தால், வரும் வழியிலேயே முறுக்கு அவிழ்ந்துகொள்ளும். பிளவுஸ் முழுக்க ஜரியாலேயே நிரப்பச் சொல்லும் வாடிக்கையாளரிடம், ஓரக்கோட்டுக்கு மட்டும் ஜரி போட்டு உள்ளே தங்கநிற ரேயான் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு முழம் தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது, உடம்பிலும் குத்தாது.

ஊசி

எம்ப்ராய்டரிக்கு 75/11 ஊசியே பொதுவானது. நிட் துணிக்கு நுனி உருண்ட பால் பாயின்ட், நெசவுத் துணிக்குக் கூர்மையானது, 60 எண் நூலுக்கு 65/9. வீட்டு மெஷின் ஊசியின் காம்பு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், தொழில் மெஷின் ஊசி முழு உருளை; மாற்றி வாங்கிவிடாதீர்கள். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். "இன்னும் உடையலையே" என்று ஒரே ஊசியில் மாதக்கணக்காக ஓட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். ஊசி மழுங்கியதும் "டக் டக்" என்று சத்தம் மாறும், பட்டில் இழை இழுபடும். பத்து ரூபாய் ஊசிக்காக ஆயிரம் ரூபாய்த் துணியைப் பலி கொடுக்க வேண்டுமா?

ஃபிரேம் போடுதல்

பேப்பருக்கு அடுத்தபடி சுருக்கத்துக்குக் காரணம் இதுதான். டிசைன் கொள்ளும் அளவுக்கு மிகச் சிறிய ஃபிரேமை எடுங்கள். பெரிய ஃபிரேமின் நடுவில் சின்னப் பூ போட்டால் துணி தொய்ந்து ஆடும். திருகை முதலில் தளர்த்தி, பேப்பர் கீழே, துணி மேலே வைத்து, உள்வளையத்தை அழுத்தி, திருகை இறுக்குங்கள். தட்டினால் தொய்வு தெரியக்கூடாது. அதற்காக, மாட்டிய பிறகு நான்கு பக்கமும் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்த துணி ஃபிரேமுக்குள் விரிந்த நிலையில் தைக்கப்படும், கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. பனியன் துணியில் இது உடனே தெரியும்.

வெல்வெட் போல வளையத் தடம் விழும் துணிகளை ஃபிரேமுக்குள் நெரிக்காதீர்கள். உரித்து ஒட்டும் பேப்பரை மட்டும் ஃபிரேமில் மாட்டி, துணியை அதன் மேல் ஒட்டி, சுற்றிலும் நீளத் தையலால் ஒரு சட்டம் ஓட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். பல மெஷின்களில் அதற்கென்றே ஒரு பட்டன் இருக்கும். ஸ்பிரே பசை அடிக்கிறவர்கள் மெஷின் பக்கத்தில் அடிக்க வேண்டாம், ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். பசைத் துகள் பறந்து போய் உட்காரும் இடம் மெஷினின் உள்பாகம்.

புடவையோடு சேர்ந்த பிளவுஸ் பிட்டை வெட்டாமல் மாட்டாதீர்கள். ஐந்தரை மீட்டர்ப் பட்டுப்புடவை மேசையிலிருந்து தொங்கினால் அந்தக் கனம் ஃபிரேமையே இழுக்கும், ஓரக்கோடு ஒரு பக்கமாக நகர்ந்து விழும். அதேபோல, பிளவுஸ் அளவுக்குக் கை, முதுகு என்று வெட்டிவிட்டும் மாட்டாதீர்கள். பிட்டாக இருக்கும்போதே அளவைக் குறித்து, எம்ப்ராய்டரி முடித்து, பிறகு வெட்டுவதுதான் முறை. காட்டனாக இருந்தால் குறிப்பதற்கும் முன்னால் ஒரு தடவை நனைத்துக் காயவையுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால், பாலியஸ்டர் நூல் அதோடு சேர்ந்து சுருங்காது.

குறிப்பதற்குத் தண்ணீரில் அழியும் பேனா வைத்திருந்தால், அழிப்பதற்கு முன் அயர்ன் செய்யாதீர்கள். சூட்டில் மை நிலைத்துவிடும். பட்டுக்குப் பேனாவே வேண்டாம்; நூலால் நீளத் தையல் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடியில் சிக்கல், குற்றம் மேலே

துணிக்கு அடியில் நூல் சுருண்டு பந்தாகிவிட்டால் எல்லோரும் பாபினைத்தான் கழற்றிப் பார்ப்பார்கள். தொண்ணூறு சதம் தவறு மேல்நூலில்தான் இருக்கும். பிரஷர் ஃபுட் கீழே இருக்கும்போது நூல் கோத்தால், டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் உள்ளே உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்; தைக்கும் முன் இறக்குங்கள். இந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதி மெஷினில் ஒட்டிவைத்தால்கூடத் தப்பில்லை.

சாட்டின் தையலில் ஒரு கோடு போட்டுத் துணியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைப் பாபின் நூலும், இரு ஓரமும் மேல்நூலின் நிறமும் தெரிந்தால் சரியாக இருக்கிறது. வெள்ளையே தெரியவில்லை என்றால் மேலே தளர்வு. வெள்ளை மேல்பக்கத்தில் எட்டிப்பார்த்தால் மேலே இறுக்கம். மேல் டென்ஷனைக் கால் கால் புள்ளியாக மாற்றுங்கள். பாபின் கேஸ் திருகைத் தொடுவது கடைசி வழி. தொடுவதற்கு முன் அது இருந்த நிலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நூல் அறுந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: மறுபடி கோர்த்தல், புது ஊசி, வேகத்தைக் குறைத்தல், பாபின் பகுதித் தூசு. டென்ஷன் அதற்கும் பிறகுதான். நடுவில் கரண்ட் போய்விட்டால் பதறித் துணியைக் கழற்றிவிடாதீர்கள். ஃபிரேம் அப்படியே இருக்கட்டும். பெரும்பாலான மெஷின்களில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. இல்லாவிட்டாலும் தையல் எண்ணை வைத்து முன்னே நகர்த்திக்கொள்ளலாம்.

டிசைனும் தமிழ் எழுத்தும்

டிஎஸ்டி என்பது தஜிமா மெஷின்களுக்காக வந்து எல்லோரும் பயன்படுத்தும் வடிவம். பிஇஎஸ் பிரதருக்கு, ஜேஇஎஃப் ஜனோமிக்கு. டிஎஸ்டியில் எங்கே நிறம் மாற வேண்டும் என்பது இருக்கும், எந்த நிறம் என்பது இருக்காது. திரையில் நீல யானையும் பச்சைத் தாமரையும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நிற அட்டவணையைப் பார்த்து நூல் மாட்டுங்கள்.

வாங்கிய டிசைனை மெஷினிலேயே 10 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்யாதீர்கள். பல மெஷின்கள் தையல் எண்ணிக்கையை மாற்றாமல் இடைவெளியை மட்டும் மாற்றும். சிறிதாக்கினால் கல் மாதிரி இறுகும், பெரிதாக்கினால் துணி தெரியும். 40 எண் நூலுக்குத் தையல் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. மென்பட்டுக்கு அதைச் சற்றே கூட்டி 0.45 வைத்தால் துணி நன்றி சொல்லும். சொந்தமாக டிசைன் செய்து பழக, இங்க்ஸ்கேப்போடு இணைந்து ஓடும் இங்க்/ஸ்டிச் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்குவதற்கு முன் அதில் ஒரு மாதம் கையைத் தேய்த்துப் பாருங்கள்.

கல்யாண வீட்டு ஆர்டர் என்றால் தாம்பூலப் பையில் பெயர் போடச் சொல்வார்கள், தமிழில். இங்கேதான் வெளிநாட்டுக் குறிப்புகள் உதவாது. ஆங்கில எழுத்தை 40 நூலில் 5 மில்லிமீட்டர் உயரம் வரை இறக்கலாம் என்பார்கள். நம் ஞ, ண, ழ, ஜு போன்றவற்றில் சுழிக்குள் சுழி. அந்த அளவில் உள்வெளி எல்லாம் நூலால் அடைந்து கட்டியாகிவிடும். 40 நூலில் 12 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். அதைவிடச் சின்னதாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 60 நூலும் 65/9 ஊசியும். கொம்பும் சுழியும் மெலிந்து தடிக்கும் அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கோட்டின் தடிமன் எங்கும் ஒரே சீராக இருப்பதை எடுங்கள். தானாக டிஜிடைஸ் செய்யும் பட்டனை அழுத்தி எழுத்துருவைத் தையலாக்கினால் வளைவுகளில் தையல் திசை தாறுமாறாகும். சுழியை ஒரு சாட்டின் பட்டையாக, வளைவோடு திரும்பும்படி நீங்களே அமைக்க வேண்டும்.

பிறகு புள்ளி. செந்தில், கண்ணன், மீனாட்சி என்று பெரும்பாலான பெயர்களில் மெய்யெழுத்து உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் மெஷின் தாவ வேண்டும், பூட்ட வேண்டும், நூலை அறுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர்ப் புள்ளி என்றால் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணியில் ஓட்டை விழும், அல்லது அவிழ்ந்து ஓடிவிடும். குறைந்தது 2 மில்லிமீட்டர் விட்டம் வையுங்கள், எழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். புள்ளிகளை எல்லாம் எழுத்துகள் முடிந்த பிறகு மொத்தமாகப் போடும்படி வரிசைப்படுத்தாதீர்கள். அதற்குள் துணி நகர்ந்திருந்தால் புள்ளியெல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். ஓர் எழுத்து, உடனே அதன் புள்ளி, பிறகு அடுத்த எழுத்து. பெயரை மெஷினில் போடுவதற்கு முன் ஆர்டர் கொடுத்தவரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். ரகரத்துக்கும் றகரத்துக்கும் நடக்கும் சண்டையில் நூறு பை வீணாகக்கூடாது.

எதிலிருந்து தொடங்குவது

காடா துணிப் பை. நீளாது, நழுவாது, விலை குறைவு, டேர்-அவே போதும். அதில் கை வந்த பிறகு துவாலை. மேல் ஃபிலிமின் அருமை புரியும். அடுத்து பழைய டி-ஷர்ட்டில் கட்-அவே. அதற்கும் பிறகு காட்டன் பிளவுஸின் கை பார்டர். கழுத்து டிசைனைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வலது, இடது என்று இரண்டு தடவை ஃபிரேம் மாட்ட வேண்டியிருக்கும், நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணில் படும். நடுவில் சேராமல் தனித்தனிப் புட்டாவாகப் பிரிந்து நிற்கும் டிசைன்களில் பழகினால் இந்தத் தலைவலி குறையும்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அதே துணியின் ஓரத்துண்டில், அதே பேப்பரில், அதே நூலில் டிசைனின் ஒரு மூலையையாவது ஓட்டிப் பாருங்கள். அந்தத் துண்டின் மேலேயே துணி, பேப்பர் ஜிஎஸ்எம், நூல் எண், ஊசி, வேகம், டென்ஷன் எல்லாவற்றையும் பேனாவால் எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நாளைக்கு அதே மாதிரித் துணியோடு வேறொருவர் வந்து நிற்பார். கூலி சொல்லவும் அது உதவும்: தையல் எண்ணிக்கை, ஃபிரேம் மாட்டும் தடவை, நிறம் மாற்றும் தடவை மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். ஒற்றை ஊசி மெஷினில் பன்னிரண்டு நிற டிசைன் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் நீங்கள் எழுந்து வர வேண்டும் என்பதை மறந்துவிட்டு, பூ எண்ணிக்கையைப் பார்த்து விலை சொல்லாதீர்கள்.

பிளவுஸை ஒப்படைக்கும்போது எம்ப்ராய்டரியின் மேல்பக்கத்தில் நேராக அயர்ன் வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். தடித்த துவாலையின் மேல் குப்புறப் போட்டு, உள்பக்கத்திலிருந்து மிதமான சூட்டில் தேய்க்க வேண்டும். உள்ளே தெரியும் வெள்ளைப் பேப்பரை, ஏதோ விட்டுப்போனது என்று நினைத்து வீட்டில் யாராவது பிய்த்து எறிந்துவிடுவார்கள். அது அங்கேதான் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.